சுருட்டின் ‘டிரா’வுக்கு இழுபதம் என்று வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கியூபாச் சுருட்டு பற்றி நாம் எழுதிவரும் கட்டுரைக்கான சொற்கள் குறித்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்துவிட்டேன். உறை, பிணைப்பான், நிரப்பி, வரைவு, ஈரமூட்டி என்று ஒரு பட்டியல் உருவாகி வருகிறது. இது இப்படியே விக்சனரி என்ற இணைய அகராதிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நீளமான மடல். ஒவ்வொரு சொல்லும் ஆங்கில அகராதியிலிருந்து வந்திருக்கிறது. சுருட்டுகிற கையிலிருந்தோ, புகைக்கிற வாயிலிருந்தோ ஒன்றுகூட வரவில்லை.

> டிரா = வரைவு

முதலில் இதை எடுத்துவிட வேண்டும். டிரா என்ற சொல்லுக்குப் படம் வரைதல் என்றும் பொருள் உண்டு என்பதைத் தவிர வரைவுக்கும் சுருட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுருட்டை வாயில் வைத்து இழுக்கும்போது காற்று அதனுள் எவ்வளவு தடையோடு, எவ்வளவு தாராளமாக வருகிறது என்பதே டிரா. ஸ்பானியத்தில் ‘தீரோ’ என்கிறார்கள். நல்ல சுருட்டு எது என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான். எவ்வளவு உயர்ந்த இலையாக இருந்தாலும் காற்று வரவில்லை என்றால் அது எரியாது. எரியாத இலையில் மணமும் இல்லை, சுவையும் இல்லை.

இந்தத் தன்மை எங்கே உருவாகிறது என்று பார்த்தால்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும். ஹவானாவின் சுருட்டு ஆலையில் சுருட்டுபவர் இரண்டு மூன்று வகை இலைகளை முழு நீளத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் விசிறி மடிப்பாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் சேர்க்கிறார். மடிப்புகளுக்கு இடையே தலைமுதல் கடைசிவரை மெல்லிய காற்றுவழிகள் ஓட வேண்டும். ஓர் இலை குறுக்கே முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் வழி அடைபட்டுவிடும். இலை குறைவாக வைத்தால் காற்று தங்குதடையின்றிப் பாய்ந்து, நெருப்பு சூடேறி, புகை கசந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பழக்கம். 2000-களின் தொடக்கத்திலிருந்து கியூப ஆலைகளில் உறிஞ்சிப் பார்க்கும் சோதனைக் கருவிகள் வந்துவிட்டன. வெளிப்புறம் மூடும் மேலிலையைச் சுற்றுவதற்கு முன்பே, அச்சில் அழுத்தி எடுத்த உருளையை அதில் பொருத்திக் காற்றுத் தடையை அளக்கிறார்கள். தேறாததைப் பிரித்துத் திரும்பச் செய்கிறார்கள். அவ்வளவு முக்கியமான ஒரு பண்புக்கு வரைவு என்று பெயர் வைத்தால் படிக்கிறவருக்கு ஒன்றுமே புரியாது.

இழுப்பு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது நல்ல சொல், ஆனால் வேறு வேலைக்கு வேண்டும். ‘ஒரு இழுப்பு இழுத்தான்’ என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அது ஒரு தடவை இழுக்கும் செயல், பஃப் என்பதற்குச் சரியான தமிழ். அதை அங்கேயே விட்டுவிடுவோம். அப்புறம், இழுப்பு என்றால் மூச்சு வாங்கும் நோய் என்றும் ஊரில் பொருள் உண்டு. இழுவை என்பது இயற்பியல் பாடநூலில் போய் உட்கார்ந்துவிட்டது. உறிஞ்சல் என்றால் நீர்மம் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை இழுபதம். பாகு காய்ச்சுகிறவர் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சொல்வது போல, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் ஒரு பொருள் சரியாக வந்து நிற்கும் நிலை பதம். இழுப்பதற்கு ஏற்ற அந்த நிலை இழுபதம். குடிநீர், சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. இழுபறி என்ற சொல் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இந்தப் பெட்டியில் எல்லாச் சுருட்டுக்கும் இழுபதம் நன்றாக இருந்தது.’ ‘இழுபதம் இறுகிக் கிடக்கிறது, பாதியில் அணைந்துவிடும்.’ ‘இழுபதம் தளர்ந்தால் சூடு ஏறும்.’ தமிழ் வினைகளோடு தடுமாறாமல் சேர்கிறது.

அடுத்தது இலைகள்.

> ராப்பர் = உறை, பைண்டர் = பிணைப்பான், ஃபில்லர் = நிரப்பி

உறை என்றால் கழற்றி வைக்கக் கூடிய ஒன்று. தலையணை உறை, வாள் உறை, கடித உறை. சுருட்டின் மேலிலையைக் கழற்ற முடியாது. அதுவும் சேர்ந்துதான் எரிகிறது, நாக்கு முதலில் தொடுவதும் அதைத்தான். பினார் டெல் ரியோ மாகாணத்தில், புவெல்தா அபாஹோ பகுதியில், சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினேஸ் ஊர்களைச் சுற்றியுள்ள வயல்களில் மெல்லிய துணிப் பந்தல் போட்டு இந்த இலைக்காகவே தனியாகச் செடி வளர்க்கிறார்கள். வெயில் நேராகப் படாததால் இலை அகன்று, மெல்லியதாக, நரம்பு துருத்தாமல் வருகிறது. ஸ்பானியத்தில் இதற்குக் ‘காபா’, அதாவது மேலங்கி என்று பெயர். நமக்கு மேலிலை போதும்.

பைண்டருக்குக் கட்டிலை என்று முதலில் தோன்றும். சொல்லிப் பாருங்கள், கட்டில் வந்து குறுக்கே நிற்கும். ‘கட்டிலைச் சுற்றினார்’ என்று எழுதினால் யாரும் சுருட்டை நினைக்க மாட்டார்கள். இந்த இலையின் வேலை உள்ளே இருக்கும் மடிப்புகளை உருளையாகப் பிடித்து வைப்பது. ஆகவே பிடியிலை.

ஃபில்லருக்கு நிரப்பி என்பது பொருளைக் கெடுக்கிறது. நிரப்பி என்றால் வெற்றிடத்தை அடைக்க எதையோ போட்டது போல ஒலிக்கிறது. உண்மையில் சுருட்டின் வீரியத்தையும் மணத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த உள்ளிலைகளின் கலவைதான். பூரணம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பூரணம் பிசைந்தது, உதிர்ந்தது. கியூபாவின் உயர்தரச் சுருட்டில் இலை துண்டாக்கப்படாமல் முழு நீளத்துக்கு ஓடுகிறது. அதனால்தான் சாம்பலும் உடனே உதிராமல் திடமாக நிற்கிறது. மலிவான சுருட்டில் நறுக்கிய துண்டுகளைப் போட்டு நிரப்புவார்கள். ஆகவே முன்னதற்கு உள்ளிலை, பின்னதற்கு உள்தூள் என்று பிரித்துக்கொண்டால், உள்ளிலைச் சுருட்டு, உள்தூள் சுருட்டு என்று தரத்தையே பெயரில் சொல்லிவிடலாம்.

உள்ளிலைகளுக்குள் இருக்கும் வகைகளில்தான் பெரிய குழி இருக்கிறது. செடியின் அடிப்பகுதி இலை பொலாதோ, நடுப்பகுதி இலை செக்கோ, மேற்பகுதி இலை லிஹேரோ. லிஹேரோ என்றால் ஸ்பானியத்தில் லேசானது. ஆனால் மூன்றிலும் காட்டமானது அதுதான்! உச்சியில் வெயில் வாங்கித் தடித்து, எண்ணெய் ஏறிய இலை. அதைக் குறைந்தது 2 ஆண்டு கிடப்பில் போட்டுத்தான் எடுக்கிறார்கள். மெதுவாக எரியும் என்பதால் சுருட்டின் நடுமையத்தில் வைக்கிறார்கள். இதை ‘மெல்லிலை’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். செடியில் இருக்கும் இடத்தைக் கொண்டே பெயர் வைப்போம்: அடியிலை, நடுவிலை, நுனியிலை. அடியிலை நன்றாக எரிய உதவும். நடுவிலை மணம் தரும். நுனியிலை வீரியம் தரும். கோஹிபா என்ற கியூபச் சுருட்டு வணிகப்பெயரின் பெஹிகே வரிசை 2010-இல் வந்தபோது பேசப்பட்ட மெதியோ தியெம்போ, எல்லாச் செடியிலும் வராத உச்சி இலை. அது உச்சியிலை.

பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பிறகு குவியலாக அடுக்கிச் சூடேறவிட்டுப் பக்குவப்படுத்துவதற்குப் புதுச்சொல் தேவையில்லை. புகையிலையைப் பாடம் போடுதல் என்று நம்மிடமே இருக்கிறது. நம்முடைய சுருட்டு என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது. திண்டுக்கல், உறையூர், யாழ்ப்பாணம் என்று சுருட்டுத் தொழில் செழித்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே புழங்கிய சொற்களைத் தேடாமல் ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

> ரிங் கேஜ் = வளைய அளவி

அளவி என்றால் கருவி. இங்கே சொல்லப்படுவது வெறும் எண். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி, சுருட்டின் குறுக்களவு அதில் எத்தனை பங்கு என்று சொல்கிறார்கள். ஆகவே பருமன் எண். பருமன் எண் 50 என்றால் 50/64 அங்குலம், ஏறக்குறைய 19.8 மில்லிமீட்டர். ரோபுஸ்தோ அளவு இதுதான், நீளம் 124 மில்லிமீட்டர். லான்செரோ என்ற மெல்லிய நெட்டைச் சுருட்டுக்குப் பருமன் எண் 38, நீளம் 192. சர்ச்சில் அளவு 47, நீளம் 178. லான்செரோவைச் சுருட்டுவதே கடினம் என்பார்கள். 15 மில்லிமீட்டர் பருமனில் ஓர் இலை கொஞ்சம் பிசகினாலும் இழுபதம் போய்விடும். ரோபுஸ்தோ, லான்செரோ, சர்ச்சில் என்பவை பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அளவும் வடிவமும் சேர்ந்ததைக் குறிக்கும் ‘பித்தோலா’வையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டியான ஹியூமிடாருக்கு ஈரமூட்டி வேண்டாம், அது உள்ளே வைக்கும் சிறு சாதனத்துக்குப் பொருந்தும். பெட்டிக்குப் பதப்பெட்டி என்று வைப்போம். ஈரப்பதம் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பெட்டிக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு, வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருப்பார்கள். ஈரம் மிகுந்தால் இலை உப்பிக் காற்றுவழி சுருங்கும். குறைந்தால் இலை காய்ந்து வேகமாக எரியும். பதப்பெட்டியில் தவறினால் கெடுவது இழுபதம். இரண்டு சொல்லிலும் பதம் நிற்பது இதனால்தான் பொருத்தம். வெப்பம் ஏறினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து இலையைத் துளைத்துவிடும் என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும், நம் ஊர் வெயிலில் இது உண்மையான ஆபத்து.

இந்தப் பெட்டிகளின் உட்புற மரத்தைத் தேவதாரு என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் செடார் என்று சொல்வதால் வந்த குழப்பம். தேவதாரு ஊசியிலை மரம். பெட்டிக்குப் பயன்படுவது செத்ரோ. அது வேம்புக் குடும்பத்து மரம், மகோகனிக்கும் மலைவேம்புக்கும் உறவு. செத்ரோ மரம் என்றே எழுதுவோம்.

புகைக்கும் முறையைச் சொல்லும் பகுதியில் ‘உள்ளிழுத்தல்’ என்று மூன்று இடத்தில் வந்திருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். சுருட்டுப் புகையை நுரையீரலுக்கு இழுப்பதில்லை. வாய்முனையை மூடியிருக்கும் இலைத் தொப்பியைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, தீமுனையைச் சுடரில் படாமல் காட்டிச் சுற்றிலும் கனலவிட்டு, பிறகு மெதுவாக இழுத்து, புகையை வாயில் நிறுத்தி, வெளியே விடுகிறார்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் போனால் சூடேறிக் கசக்கும். விடும்போது கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால்தான் செத்ரோ, தோல், காப்பி, கோக்கோ, மண்வாசம் என்று ரசிகர்கள் பிரித்துச் சொல்லும் மணங்கள் தெரியவரும். இதற்கு மூக்குவிடல் என்று வைக்கலாம். ரெட்ரோஹேல் என்ற ஆங்கிலச் சொல்லில் மூக்கே இல்லை, நம் சொல்லில் அது இருக்கிறது. ஒரு ரோபுஸ்தோ முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஓடும். முதல் மூன்றில் ஒரு பங்கு மென்மையாகவும், போகப் போகக் காட்டமாகவும் மாறுவதைக் கவனிப்பதுதான் சுவைத்தல். அடித்து முடிப்பது அல்ல. முடிந்ததும் நசுக்காமல் தானாக அணையவிடுவார்கள். நசுக்கினால் நாற்றம் தங்கும்.

இன்னொன்றையும் அதே பத்தியிலேயே எழுதுங்கள். நுரையீரலுக்குப் போகாததால் தீங்கில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. ‘உள்ளிழுத்தல் இல்லை’ என்ற சரியான சொல்லை எழுதும்போது இந்தத் தகவலும் கூடவே இருக்க வேண்டும்.

ஆலையில் உரக்கப் படிப்பவரைக் குறிக்கும் ‘லெக்தோர்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1865-இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் தொடங்கியது அந்த வழக்கம். சுருட்டுபவர்கள் கைவேலையில் இருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் படிப்பார். தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து அவருக்குப் பணம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள், இருந்தும் அது பிழைத்து வந்தது. வாசகர் என்றால் தனக்காகப் படிப்பவர். இது பிறருக்காகப் படிப்பது. செய்தி வாசிப்பாளர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆகவே ஆலை வாசிப்பாளர்.

சரி, எனக்குப் பிடிபடாதவை இரண்டு. ஒருபக்கம் மட்டும் வேகமாக எரிந்து மேலிலை சரிந்துபோவது ஒன்று. வெளியே எரியாமல் உள்ளே மட்டும் எரிந்து பொந்து விழுவது மற்றொன்று. கோணலெரிவு, பொந்தெரிவு என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் திண்டுக்கல்லிலோ யாழ்ப்பாணத்திலோ சுருட்டுத் தொழில் செய்த வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றுக்குச் சொல் இருக்கும். குழுவில் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தால் வீட்டில் கேட்டு எழுதுங்கள். இழுபதத்துக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு இந்த இழையிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் வார இறுதியில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.