கலைச்சொல்: மீன்பிடி பூட்ஸைக் காயவைப்பதற்கு ‘உள்ளுலர்த்தல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மீன்பிடி பூட்ஸை உலர்த்தும் கருவிக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை காலணிச் சூடேற்றி, ஈரநீக்கி, உலர்கலம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் கருவியைப் பார்த்து வைத்தவை. செயலுக்குப் பெயர் வைத்துவிட்டால் கருவிக்குத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒருவர் தூண்டிலோடு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறார். அடுத்த முறை போவதற்குள் பூட்ஸுக்குள் இருக்கும் ஈரம் வெளியேறியாக வேண்டும். நமக்குச் சொல் வேண்டியது அதற்குத்தான்.

‘சூடேற்றி’ வேண்டாம். அந்தப் பெயரைப் படிப்பவர் பூட்ஸை அடுப்போரம் கொண்டுபோய் வைப்பார். அடித்தளம் பசையில் ஒட்டியது. சூடு கூடினால் பசை இளகிப் பெயர்ந்துவிடும். தோலாக இருந்தால் விறைத்து வெடிக்கும். விற்பனைக்கு வரும் கருவிகள்கூட இளஞ்சூட்டுக் காற்றைத்தான் ஊதுகின்றன, சிலவற்றில் சூடே கிடையாது, வெறும் விசிறிதான். ஈரத்தை எடுப்பது காற்றோட்டம்; சூடு அதற்குத் துணை, அவ்வளவே.

‘ஈரநீக்கி’யில் தவறில்லை. ஆனால் அறையின் ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவிக்கு அதை ஏற்கெனவே பலர் பயன்படுத்துகிறார்கள். அதோடு, ஈரம் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. இந்தச் சிக்கல் முழுவதும் அந்த ‘எங்கே’யில்தான் இருக்கிறது.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை உள்ளே விடாத அதே சுவர்தான் ஈரத்தை வெளியேயும் விடாது. ஆவி போக இருப்பது மேலே உள்ள வாய் ஒன்றுதான். நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, பாதப் பகுதியிலேயே தேங்கிவிடும். அதனால்தான் நிமிர்த்தி வைத்த பூட்ஸ் வெளியே நன்றாகக் காய்ந்திருந்தும், விரல் பக்கம் கைவிட்டுப் பார்த்தால் சதசதவென்று இருக்கிறது. தலைகீழாக, வாய் தரையில் படாமல் மாட்டினால் கனத்த காற்று தானே கீழே இறங்கிவிடும். இன்சோலை, அதாவது பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்மெத்தையை, கழற்றித் தனியே போட வேண்டும். செய்தித்தாள் திணிப்பது நல்ல வழிதான், ஆனால் நனைந்த தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். அப்படியே விட்டால் அது இருக்கிற ஒரே வழியையும் அடைத்துக்கொள்ளும்.

வடித்தல், துவட்டுதல் என்று முதல் கட்டங்களுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. அவை முடிந்த பிறகும் எஞ்சுகிற வேலைக்குத்தான் ‘உள்ளுலர்த்தல்’ என்கிறேன். கருவி ‘உள்ளுலர்த்தி’. ‘வீட்டுக்குள் வைத்து உலர்த்துதல்’ என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி வரும், நியாயமானதுதான். ‘அகவுலர்த்தல்’ என்றாலும் அது தீராது, அகத்துக்கும் வீடு என்ற பொருள் உண்டே. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடலாம். பேச்சில் ‘காற்றாடப் போடு’ என்கிறோமே, அதிலிருந்து ‘காற்றாட்டல்’ எடுக்கலாமா என்றும் யோசித்தேன். கருவி ‘காற்றாட்டி’ ஆகும், படிப்பவர் ‘காற்றாடி’ என்று படித்துப் பறக்கவிடப் போய்விடுவார்.

இன்னும் இரண்டு இடங்களில் சொல் தேவைப்படும்.

கடலில் நனைந்த பூட்ஸை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவைத்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, காய்ந்த பூட்ஸ் யாரும் தொடாமலே மறுபடி ஈரமாகும். இதற்கு ‘மீளீரம்’ என்று வைக்கலாம்.

மற்றொன்று இதைவிட முக்கியம். ஆற்றில் வழுக்காமல் நிற்க ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அடித்தளம் போட்ட பூட்ஸ் அணிவார்கள். ஃபெல்ட் எளிதில் காயாது. ஓர் ஆற்றின் நுண்பாசியை இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து செல்லும். நியூசிலாந்தில் 2004இல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டு, 2008இல் நன்னீர்த் தூண்டில்காரர்களுக்கு ஃபெல்ட் அடித்தளம் தடைசெய்யப்பட்டது. அலாஸ்காவிலும் 2012இல் தடை வந்தது. நியூசிலாந்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் வழிமுறை, உள்ளும் புறமும் தொட்டால் ஈரம் தெரியாத அளவு காய்ந்த பிறகு, மேலும் 48 மணி நேரம் விட வேண்டும் என்பது. இரண்டையும் ‘உலர்ந்த நிலை’ என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் அந்த 48 மணி நேரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும். முதலாவதைத் ‘தொட்டுலர்வு’ என்றும் இரண்டாவதை ‘முழுவுலர்வு’ என்றும் பிரித்து வைக்கலாம். ‘தொட்டுலர்வு’ கொஞ்சம் முரடாக ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மெருகான சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம், பிரிவு மட்டும் இருக்கட்டும்.

பூட்ஸுக்கு ‘புதைமிதி’ என்று முன்மடலில் வந்திருந்தது. சேற்றில் இறங்கப்போகிறவரிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்ஸ் பூட்ஸாகவே இருக்கலாம்.

ஃபெல்ட்டுக்குத்தான் இன்னும் சொல் இல்லை. ‘அழுத்துகம்பளி’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் இந்த அடித்தளங்கள் பெரும்பாலும் செயற்கை இழை, கம்பளி அல்ல. நெய்யாமல் அழுத்தியே செய்த துணி என்ற பொருள் வரும்படி ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.