எம்எக்ஸ்-5 காரில் பக்கெட் சீட்: ஏர்பேக், பிராக்கெட், ஹார்னஸ் எல்லாவற்றிலும் குழப்பம்

வளைவுப்பிரியன்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, என்டி தலைமுறை, மேனுவல். தினமும் வேலைக்கும் அதில்தான் போகிறேன், வருடத்தில் ஐந்தாறு நாள் டிராக்குக்கும் கொண்டுபோகிறேன். பிரச்சினை என் உயரம். 187 செ.மீ., அதிலும் கால் குட்டை, உடம்பு நீளம். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் கூரைத் துணி தலையில் இடிக்கிறது, கூரையைத் திறந்தால் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. வேகமான வளைவுகளில் ஒரு முழங்காலைக் கதவிலும் இன்னொன்றை நடு டனலிலும் முட்டுக்கொடுத்துத்தான் உடம்பை நிறுத்துகிறேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்காலில் கன்றிப்போன தடம்.

அதனால் சாயாத பக்கெட் சீட் (உடம்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் பந்தய சீட்) ஒன்று போடலாம் என்று பார்க்கிறேன். பழையது ஒன்று கிடைத்திருக்கிறது, ஃபைபர் கிளாஸ் ஷெல் (சீட்டின் கூடு), எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 பாதுகாப்புத் தர லேபிள் ஒட்டியிருக்கிறது, தயாரிப்பு 2017 என்று போட்டிருக்கிறது. இன்னும் பணம் கொடுக்கவில்லை.

என் சந்தேகங்கள்: ஒரிஜினல் சீட்டுக்குள் இருக்கும் ஏர்பேக்கை என்ன செய்வது, அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்குமா? சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் வைப்பதா, நேரடியாகப் போல்ட் போடுவதா? அப்புறம், பக்கெட் சீட் போட்டபின் நான்கு முனை ஹார்னஸ் (இரண்டு தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தய பெல்ட்) போட்டால் என்ன? எடையும் கொஞ்சம் குறையும் என்று ஒரு ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்செட்:

முதலில் அந்த எடை ஆசையை விட்டுவிடுங்கள். மோட்டாரும் ஹீட்டரும் உள்ள பெரிய கார் சீட் 25, 30 கிலோ வரும், அதைக் கழற்றினால் லாபம் கைக்குத் தெரியும். மாஸ்டா இந்தக் காரில் கிராம் கணக்குப் பார்த்து எடையைக் குறைத்தவர்கள், அந்த சீட் ஏற்கெனவே இலகுவானதுதான். ஃபைபர் கிளாஸ் ஷெல் தனியாக 7 கிலோ போல இருக்கும், அதோடு பிராக்கெட், ஸ்லைடர், போல்ட் எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இருக்காது. நீங்கள் இதைச் செய்ய நல்ல காரணம் உயரமும் பிடிமானமும். அதை வைத்தே எல்லா முடிவையும் எடுங்கள்.

சீட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட அது எங்கே, எந்தச் சாய்வில் உட்காரப்போகிறது என்பதுதான் பெரிய வேலை. நான் இப்படிச் செய்தேன்: ஒரிஜினல் சீட்டில் உட்கார்ந்து, இடுப்பெலும்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இன்னொருவரை அளக்கச் சொன்னேன். பிறகு சீட்டைக் கழற்றி, காலி ஷெல்லை மரத்துண்டுகள் மேல் வைத்து உட்கார்ந்தேன். துண்டுகளை மாற்றி மாற்றி முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, பின்பக்கம் இறக்கி, கிளட்சைத் தரைவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும்படி, முதுகு ஒட்டியிருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படும்படி கொண்டுவந்தேன். அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்கவும் செய்வார். ஆனால் இடுப்பை நெரிக்கும் ஷெல் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்காது, இருபதாவது நிமிடத்தில்தான் தொடை மரத்துப்போகும்.

ஸ்லைடர் எப்படியும் 2 முதல் 3 செ.மீ. உயரத்தைத் தின்றுவிடும். உங்கள் பிரச்சினையே உயரம்தானே? வேறு யாரும் ஓட்டமாட்டார்கள் என்றால் ஸ்லைடரே வேண்டாம், பல துளைகள் உள்ள பக்கவாட்டு பிராக்கெட் போதும். ஸ்லைடர் வேண்டும் என்றே இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும் வகைதான் வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டுவது பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் முறுக்கிக்கொண்டு ஆடும்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எஃப்ஐஏ போட்டி விதியில் சீட் தாங்கிகளுக்கு நான்கு இடத்திலாவது பிடிமானம், போல்ட் குறைந்தது 8 மி.மீ., தாங்கி இரும்பு என்றால் 3 மி.மீ. தடிமன், அலுமினியக் கலவை என்றால் 5 மி.மீ. என்று இருக்கிறது. போட்டிக்குப் போகாவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். எம்8 (8 மி.மீ.) போல்ட், 8.8 வலிமைத் தரம் என்றால் இறுக்கம் சுமார் 25 நியூட்டன் மீட்டர், சீட் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. முதல் டிராக் நாளுக்குப் பிறகு டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

நீங்கள் பார்த்த சீட்: 8855-1999 லேபிள் என்றால் தயாரித்த நாளிலிருந்து 5 வருடம்தான் செல்லும் (8862-2009 என்றால் 10). ஆக அந்த லேபிள் முடிந்துவிட்டது. சாதாரண டிராக் நாளில் பல இடங்களில் கேட்கமாட்டார்கள், போட்டியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் கவலை லேபிளைவிட, அது விபத்தில் அடிபட்டதா என்பதுதான். உறையைக் கழற்றி, பக்கவாட்டுப் போல்ட் துளைகளைச் சுற்றியும் பெல்ட் துளைகளின் ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் கீறல் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குட்டைக்கியர்:

மேலே சொன்னது எல்லாம் சரி, நான் செய்த முட்டாள்தனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. சீட்டைக் கழற்றிவிட்டுக் காரை நிழலுக்கு நகர்த்தலாம் என்று ஸ்டார்ட் செய்தேன். சீட்டின் அடியில் இருக்கும் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் அப்போது துண்டிக்கப்பட்டிருந்தது. ஏர்பேக் விளக்கு எரிந்தது, திரும்ப மாட்டியபின்னும் அணையவில்லை, ஸ்கேனர் வைத்திருக்கும் ஆளைத் தேடிப்போய்த்தான் அழிக்க முடிந்தது. முறை இதுதான்: இக்னிஷன் ஆஃப், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று, உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நிமிடங்கள் காத்திரு, அதன்பிறகுதான் மஞ்சள் கனெக்டரில் கைவை. எல்லாம் மாட்டி முடிக்கும்வரை சாவியைத் தொடவே கூடாது.

புது சீட்டில் ஏர்பேக் இல்லாததால் அந்தக் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர் செருகுவார்கள், பெரும்பாலும் 2 ஓம் அளவில், காருக்குக் கார் மாறும். விளக்கு அணைந்துவிடும். ஆனால் அது கம்ப்யூட்டரை ஏமாற்றுவது மட்டும்தான், பக்கவாட்டு ஏர்பேக் போனது போனதுதான். கூரை திறக்கும் பல கார்களில் தலைக்கான பக்கவாட்டுப் பாதுகாப்பும் அந்த ஒரே பையில்தான். தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இரண்டு. ஷெல்லின் பக்கவாட்டில் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டுவிட்டேன். கடைசிச் சுற்று இறுக்கமாக இருந்தது, "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டேன். போல்ட்டின் நுனி உள்ளே ஷெல் சுவரைத் தள்ளி உடைத்துக்கொண்டிருந்தது என்று பஞ்சைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புது ஷெல் போச்சு. போல்ட் போடும் முன் ஒரு மெல்லிய கம்பியை விட்டு மரை எவ்வளவு ஆழம் என்று அளந்து, பிராக்கெட்டும் வாஷரும் எவ்வளவு தடிமன் என்று கூட்டிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். ரொம்பக் குட்டையாகப் போனாலும் ஆபத்து, நான்கைந்து மரையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வளைவுப்பிரியன்:

ரொம்ப நன்றி, அந்தப் போல்ட் கதையைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஸ்லைடர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சீட் பெல்ட்டை யாரும் சொல்லவில்லையே? இப்போது பக்கிள் சீட்டோடு சேர்ந்தே நகர்கிறது, சீட்டைக் கழற்றினால் அதுவும் கூடவே போய்விடுமே. அதனால்தான் ஹார்னஸ் போட்டுவிடலாமா என்று கேட்டேன். சீட்டில் அதற்கான துளைகளும் இருக்கின்றன.

பழையகேரேஜ்:

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள்.

துளை இருக்கிறது என்பதற்காக ஹார்னஸ் போட முடியாது. உங்களுடையது திறந்த கார். உருண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாதாரண மூன்று முனை பெல்ட்டில் மேலுடம்பு கொஞ்சமாவது பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ஹார்னஸ் உங்களை நட்ட கம்பம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கும், மேலே இருந்து எது இறங்கினாலும் தலைதான் தாங்க வேண்டும். ரோல் பார் (கார் உருண்டால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) இல்லாமல் ஹார்னஸ் இல்லை, இதில் பேரமே கிடையாது. சீட்டுக்குப் பின்னால் கம்பெனி வைத்திருக்கும் அந்த வளைவுகளைப் பல டிராக் அமைப்பாளர்கள் ரோல் பாராக ஏற்றுக்கொள்வதில்லை. ரோல் பார் போட்டாலும், அதன் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான குச்சியை வைத்துப் பார்ப்பார்கள், ஹெல்மெட் அந்தக் குச்சிக்குக் கீழே இருக்க வேண்டும், பல இடங்களில் 5 செ.மீ. இடைவெளி கேட்பார்கள். உங்கள் உயரத்துக்கு இந்த சீட் வேலையின் உண்மையான பரீட்சை அதுதான்.

அடுத்து, நான்கு முனை. விபத்தில் தோள் பட்டைகள் இழுபடும்போது இடுப்புப் பட்டையையும் மேலே வயிற்றுக்கு இழுத்துவிடும், உடம்பு அடியில் வழுக்கிப் போகும். அதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை, அதாவது ஐந்து அல்லது ஆறு முனை. தோள் பட்டை தோளிலிருந்து பின்னால் போகும்போது கிட்டத்தட்ட கிடையாகவோ 20 டிகிரிக்குள் இறங்கியோ போக வேண்டும். பின்னால் தரையில் கொண்டுபோய்க் கட்டினால் அடி விழும்போது முதுகெலும்பை அழுத்திவிடும், அப்படிக் கட்டியிருந்த கார்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடம்பு அசையாமல் கட்டுப்பட்டால் தலை மட்டும் முன்னால் பறக்கும், ஆகவே கழுத்துக்கு ஹான்ஸ் மாதிரி, ஹெல்மெட்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனமும் வேண்டும். பார்த்தீர்களா, ஒரு பட்டையில் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது? ரோட்டில் ஹார்னஸ் மட்டும் போட்டு ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படியும் செல்லாது.

ஒரிஜினல் பெல்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். பக்கிளைப் பிடிக்க இடம் உள்ள பிராக்கெட் உங்கள் காருக்கென்றே கிடைக்கும், அதை வாங்குங்கள். யாரோ ஒருவரிடம் கொடுத்து ஒரு தகடு வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம், மோதும்போது உங்கள் எடையின் பல மடங்கு அந்த ஒரு இடத்தில்தான் விழும். பெல்ட் போல்ட் பெரும்பாலான கார்களில் 7/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவிலான நெருக்கமான) மரை, கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் மரை போய்விடும். மாட்டியபின் உட்கார்ந்து பாருங்கள்: இடுப்புப் பட்டை ஷெல்லின் உயர்ந்த ஓரத்தின் மேல் பாலம் மாதிரி தொங்கக் கூடாது, பக்கத் துளை வழியாக வந்து இடுப்பெலும்பில் படிய வேண்டும். பக்கிள் ஷெல் விளிம்பில் மடங்கி நிற்கவும் கூடாது.

மூன்றாவதுகியர்:

எல்லோரும் எப்படி மாட்டுவது என்றே சொல்கிறீர்கள், மாட்டாமலே விடலாமே என்று நான் சொல்கிறேன், திட்டாதீர்கள். தினமும் ஓட்டும் கார். நானும் ஷெல் போட்டு எட்டு மாதம் வைத்திருந்தேன். குனிந்து, ஒரு காலை விட்டு, ஓரத்தைத் தாண்டி, மழையில் கூரை மூடியிருக்கும்போது உள்ளே நுழைவது இருக்கிறதே, அது ஒரு சர்க்கஸ். உறை ஓரம் மூன்றே மாதத்தில் தேய்ந்தது. முதுகைச் சாய்க்க முடியாததால் நீண்ட பயணத்தில் உடம்பை மாற்றி உட்கார வழியில்லை. கடைசியில் ஒரிஜினல் சீட்டைத் திரும்ப மாட்டி, அதைத் தாழ்த்தும் பிராக்கெட்டும் முழங்காலுக்கு இரண்டு பக்கமும் மெத்தையும் போட்டேன். ஏர்பேக்கும் மிச்சம். டிராக்கில் ஷெல் அளவுக்குப் பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

பழையகேரேஜ்:

இவர் சொல்வதும் நியாயம்தான். இன்னொன்று, ஷெல்லே போட்டாலும் தலைக்குப் பக்கத்தில் காது மாதிரி நீண்டிருக்கும் வகையை ரோட்டுக்கு எடுக்காதீர்கள், சந்தியில் பக்கவாட்டில் வருவது தெரியாது.

வளைவுப்பிரியன்:

அண்ணா, ஹார்னஸ் யோசனையைக் கைவிட்டாயிற்று. நேற்று அந்த ஷெல்லைப் போய்ப் பார்த்தேன், உறையைக் கழற்றலாமா என்று கேட்டதும் விற்பவர் முகம் மாறியது, இடது பக்கப் போல்ட் துளையைச் சுற்றி விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். வந்துவிட்டேன். வருகிற வாரம் மூன்றாவதுகியர் சொன்னபடி முதலில் தாழ்த்தும் பிராக்கெட் போட்டு, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, குச்சி வைத்து அளந்து பார்க்கிறேன். ரோல் பார் இன்னும் இல்லை, அதன் உயரத்தைத் தயாரிப்பாளரின் படத்தில் பார்த்துக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மூன்றாவதுகியர், அந்தப் பிராக்கெட் எவ்வளவு இறக்கியது என்று நினைவிருக்கிறதா? சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் அடியில் வயர் உரசுமா?