சேர்க்கைப் படிவத்துடன் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள்

பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதைப் பள்ளியில் சேர்க்கும்போதே சொல்லிவிடலாமா, சேர்ந்து சில மாதங்கள் ஆன பிறகு சொல்லலாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாளே, அதுவும் எழுத்தில் சொல்லிவிடுங்கள் என்பதே என் அனுபவம். என் மகன் தாராபுரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். சொற்கள் சில வந்திருக்கின்றன, வாக்கியமாகப் பேசுவதில்லை.

முதலில் நாங்கள் போனது வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் பள்ளிக்கு. மருத்துவரின் அறிக்கையைப் படிக்கும்வரை அன்பாகப் பேசிய நிர்வாகி, அதன்பின் அவனை எதிரில் உட்காரவைத்து நிறங்களின் பெயரைக் கேட்டார். அவன் பதில் சொல்லாததும், மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று கூறி அனுப்பிவிட்டார். குழந்தையைத் தேர்வு வைத்துச் சேர்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தடை செய்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 16ஆவது பிரிவில் கூறுகிறது. இப்படிச் சேர்க்க மறுப்பதை எதிர்த்து எழுத்துப்பூர்வமாக முறையிட வலுவுள்ளவர்கள் கட்டாயம் முறையிட வேண்டும். நான் முறையிடவில்லை. ஆனால் அறிக்கையை மறைத்துச் சேர்த்திருந்தால், நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாத என் பிள்ளையை இதே மனிதர்களிடம்தான் நாள் முழுவதும் விட்டிருப்பேன் என்று நினைக்கும்போது, சொன்னதே சரி என்று உறுதியாகத் தோன்றுகிறது.

மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று என் அத்தை மிகவும் வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றபோதுதான் நம் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார்கள். அரசு மருத்துவமனையில் 40 கூறுகள் கொண்ட மதிப்பீட்டின்படி ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் இடுவார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ நாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அந்த உரிமையை வெளியார் பேச்சுக்கு அஞ்சி விட்டுவிடக் கூடாது.

ஆனால், வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குச் சான்றிதழ் எதையும் சொல்லிக்கொடுக்காது. ஆகவே ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது, சேர்க்கைப் படிவத்துடன் ஒரு பக்கத்தில் நான் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதில் குறைபாட்டின் பெயரையோ பயிற்சிகளின் பட்டியலையோ எழுதவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான், தோளைத் தொட்டால் திரும்புவான். தாகம் எடுத்தால் கேட்கமாட்டான், உங்கள் கையைப் பிடித்துப் பாட்டிலின்மேல் வைப்பான். சட்டை நுனியைச் சுருட்டத் தொடங்கினால் உடனே கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். காதைப் பொத்திக்கொள்வது அடம் அல்ல, சத்தம் வலிக்கிறது என்று அர்த்தம். சாதமும் குழம்பும் கலந்திருந்தால் தொடமாட்டான், தனித்தனியாக இருந்தால் இரண்டையும் சாப்பிடுவான். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள். தலைமையாசிரியர் நின்றபடியே இருமுறை படித்துவிட்டு, ஒன்றாம் வகுப்பு ஆசிரியையையும் சத்துணவு சமையலர் அக்காவையும் அழைத்து அவர்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

தொடக்கத்தில் மதிய வேளைதான் மிகக் கடினமாக இருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வந்து தாழ்வாரத்தில் வரிசையாக உட்காருவார்கள். சிமெண்டுத் தரையில் தட்டுகள் படும் அந்த ஓசையில் இவன் எழுந்து வெளிக்கதவை நோக்கி ஓடிவிடுவான். வேறொரு பள்ளியாக இருந்திருந்தால், சாப்பாட்டு நேரத்தில் வந்து அழைத்துப் போங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஆசிரியையோ சில நாட்கள் பக்கத்திலேயே நின்று கவனித்துவிட்டு என்னிடம், "பையன் மேல ஒண்ணும் தப்பில்லீங்க, அந்தத் தட்டுச் சத்தந்தானுங்க ஆகறதில்லை. நீங்க எழுதிக் குடுத்தது இதுதானுங்களே" என்றார். மறுநாளிலிருந்து மணிக்குச் சற்று முன்பாகவே அவனுக்கும் அவன் தோழி ஒருத்திக்கும் வகுப்பறைக்குள் சாப்பாடு வந்தது. அவன் தட்டின் கீழே ஒரு துண்டுத் துணியை விரித்திருந்தார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அவனுடைய இடத்தை வாசற்படிக்கும், பிறகு தாழ்வாரத்தின் கடைசிக்கும் நகர்த்தினார்கள். இதற்குப் பணமோ தனிக் கருவியோ தேவைப்படவில்லை. காரணம் முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பென்சில் பிடிக்கும் பயிற்சியும் படஅட்டைகளும் தருகிறார். பல பள்ளிகளைக் கவனிக்கும் அவர் தினமும் வர இயலாது என்பதால், அன்றாடம் அவனோடு இருக்கும் ஆசிரியையும் சமையலர் அக்காவும் அவனை அறிந்திருப்பதே எங்களுக்குப் பெரிய பலம். வகுப்பு மாறியபோது அந்த ஆசிரியை, தான் கண்டறிந்த சிலவற்றையும் தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுத்த ஆசிரியரிடம் கொடுத்தார். பாட்டுப் பாடினால் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவான் என்பது அவற்றில் ஒன்று. எனக்கே அது தெரியாது.

இன்னும் தீராத ஒன்று ஆண்டு விழா. ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கினால் அவனால் அந்த வளாகத்திலேயே இருக்க முடிவதில்லை. ஆனால் ஒத்திகையில் பிள்ளைகள் ஆடுவதைச் சன்னல் வழியாக மிகவும் விரும்பிப் பார்க்கிறான். காதில் மாட்டும் ஒலித்தடுப்பானைப் பழக்கிய பெற்றோர் யாரேனும் இருந்தால், முதலில் வீட்டில் எவ்வளவு நேரம் போட்டுப் பழக்கினீர்கள், பிள்ளை கழற்றி எறிந்தபோது என்ன செய்தீர்கள் என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன்.