ஓப்பன் பண்ணாத ஃபைல்ல இருக்குற எரர் எடிட்டர்ல தெரிய மாட்டேங்குது

செமிகோலன்:
வி.எஸ். கோட் எடிட்டர்ல டைப்ஸ்கிரிப்ட் (டைப் செக் பண்ற ஜாவாஸ்கிரிப்ட்) ப்ராஜெக்ட். ஒரு ஃபங்ஷன் எப்பவும் ஸ்ட்ரிங் குடுத்துட்டு இருந்துச்சு, இனிமே சில நேரம் null-ம் (மதிப்பே இல்லாம) வரலாம்னு மாத்தினேன், அந்த ஃபைல்ல ஒரு சிவப்புக் கோடு கூட இல்ல, எரர் லிஸ்ட் காட்டுற ப்ராப்ளம்ஸ் பேனலும் காலி, சரின்னு புஷ் பண்ணிட்டேன். பில்ட்ல பார்த்தா 9 ஃபைல்ல 14 எரர். அதுல ஒண்ண எடிட்டர்ல திறந்த உடனே ஃபைல் பேரு சிவப்பாகி பக்கத்துல 2ன்னு நிக்குது, டேப மூடினா மறுபடி ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஆயிடுது. ஒவ்வொண்ணா திறக்காம மொத்த ப்ராஜெக்ட்லயும் காட்ட வழி இருக்கா?

ராக்கோழி:
அது பக் இல்ல நண்பா, வேணும்னே அப்படித்தான் வச்சிருக்காங்க. எடிட்டருக்குப் பின்னாடி ஓடுற டைப்ஸ்கிரிப்ட் சர்வர் மத்த ஃபைலையும் படிச்சு டைப் தெரிஞ்சு வச்சிருக்கும், ஆனா எரர் சொல்றது திறந்திருக்குற ஃபைலுக்கு மட்டும்தான். டெர்மினல் மெனுல ரன் டாஸ்க் போய் டைப்ஸ்கிரிப்ட்ல வாட்ச்னு (ஃபைல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் பண்றது) இருக்குறத ஓட்டுங்க, கம்பைலர் துப்புற ஒவ்வொரு வரியிலயும் ஃபைல் பேரு, லைன் நம்பர் எல்லாத்தையும் ப்ராப்ளம் மேட்சர் பிரிச்சு எடுத்து பேனல்ல போட்டுரும், சைட்பார்ல ஃபோல்டரும் சிவக்கும். ஓட்டுறதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட் செட்டிங் ஃபைலான டிஎஸ்கான்ஃபிக்ல நோ எமிட் (ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எழுதாதேன்னு சொல்றது) ட்ரூன்னு இருக்கான்னு பாத்துக்கோங்க. நான் பாக்காம ஓட்டி, ஒவ்வொரு ஃபைல் பக்கத்துலயும் ஒரு ஜேஎஸ் ஃபைல் முளைச்சு, அத களையெடுக்கவே அரை நாள் போச்சு.

அரைக்கோப்பை:
டாஸ்க் இல்லாமலும் முடியும், செட்டிங்ஸ்ல ப்ராஜெக்ட் டயக்னாஸ்டிக்ஸ்னு தேடி டிக் பண்ணுங்க. எக்ஸ்பெரிமெண்டல்னுதான் போட்டிருக்கும், சின்ன ப்ராஜெக்ட்னா ஓகே, பெருசுன்னா மெமரிய தின்னும், எனக்கு டைப் பண்றதே இழுக்க ஆரம்பிச்சு ஆஃப் பண்ணிட்டேன். என் ஓட்டு டாஸ்க்குக்குத்தான்.

இண்டெண்டேஷன்:
பைத்தான்காரங்க யாராவது இங்க வந்தா: வி.எஸ். கோட்ல பைத்தானுக்கான எக்ஸ்டென்ஷன் பைலான்ஸ்ல டயக்னாஸ்டிக் மோட்னு ஒரு செட்டிங், ஓப்பன் ஃபைல்ஸ் ஒன்லின்னு இருக்கும், ஒர்க்ஸ்பேஸ்னு மாத்துங்க. நான் மாத்துன அன்னிக்கு டூல் ஜெனரேட் பண்ண ஃபோல்டர்ல இருந்தே நூத்துக்கணக்குல எரர் கொட்டுச்சு, அந்த ஃபோல்டர இக்னோர் லிஸ்ட்ல போட்டப்புறம்தான் என்னோட சொந்தத் தப்பு கண்ணுல பட்டுச்சு.

செமிகோலன்:
ராக்கோழி சொன்ன டாஸ்க்க ஓட்டினேன், 14ம் வந்துருச்சு, எஃப் 8 அழுத்தினா ஃபைல் விட்டு ஃபைல் தாவி அடுத்த எரருக்கே போகுது, இது இத்தனை நாளா தெரியாது. ஒரே டவுட்டு, ஒரு இடத்த சரி பண்ணிட்டு அந்த டேப மூடாமலே பாத்தா பேனல்ல போயிடுச்சு, ஆனா அதால சரியாகுற மத்த ஃபைல் எரர் அப்படியே நிக்குது?

ராக்கோழி:
சேவ் பண்ணீங்களா? வாட்ச் டிஸ்க்ல இருக்குறதத்தான் படிக்கும், திறந்த ஃபைலுக்கு மட்டும் எடிட்டரே பாத்து சொல்லிரும்.

செமிகோலன்:
பண்ணல 🤦 இப்ப பூஜ்யம்.