மரவளையத்தை வைத்து ஆயிரம் ஆண்டு வெப்பநிலை சொல்வது ஆய்வா, ஊகமா?

ஒற்றைக்கேள்வி:
தெர்மாமீட்டர் அளவுகள் உலகம் முழுக்க நம்பும்படி கிடைப்பது 1850 வாக்கில் இருந்துதான். அதற்கு முந்தைய ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் அரை டிகிரி, கால் டிகிரி என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். கேட்டால் மரவளையம் என்கிறார்கள். மழை பொய்த்தாலும் வளையம் மெலியும், பூச்சி விழுந்தாலும் மெலியும், பக்கத்து மரம் வெயிலை மறைத்தாலும் மெலியும். இதில் வெப்பநிலையை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பீர்கள்? போதாக்குறைக்கு, 1960-க்குப் பிறகு வடதுருவத்தை ஒட்டிய சில காடுகளில் வெப்பம் ஏறியும் மரம் அதைக் காட்டவில்லை. ஆய்வாளர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. நம் கண்ணெதிரே தவறிய சாட்சி, யாரும் பார்க்காத காலத்தில் மட்டும் உண்மை சொன்னதா?

துருவப்பனி:
கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் துளைத்துப் பார்ப்பதில்லை நண்பரே. இதற்கு மேல் மரமே வளராது என்ற எல்லையில், குளிர்ந்த மலைச்சரிவில் நிற்பவற்றைத் தேடிப் போகிறார்கள். ஈரம் போதிய அளவு இருக்கும் அப்படிப்பட்ட இடத்தில், வளர்ச்சியைத் தீர்மானிப்பது கோடையின் சூடுதான். வறண்ட நிலத்து மரமென்றால் அது மழைக்கணக்கு சொல்லும், அதை வெப்பநிலைக்கு எடுக்க மாட்டார்கள். வளையத்தின் அகலத்தைவிட, கோடைக் கடைசியில் உருவாகும் கருத்த பகுதியின் அடர்த்தி வெப்பத்தை இன்னும் நெருக்கமாகப் பின்தொடர்கிறது. அதை எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள். ஒரு மரத்துக்குப் பூச்சி விழுந்தால் பல மரங்களின் சராசரியில் அது கரைந்துவிடும்.

1960 விவகாரம் உண்மைதான், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பவளம், ஏரிச்சேறு, துருவத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டான ஐஸ் கோர் என்று மரத்தைத் தொடாமல் போட்ட கோடுகளும் இருக்கின்றனவே, அவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஒற்றைக்கேள்வி:
விடவில்லை, அடுத்து அதற்குத்தான் வருகிறேன். ஐஸ் கோரில் ஆண்டு அடுக்கை எண்ணுகிறார்கள். ஆழம் போகப் போக அடுக்கு நசுங்கி மெலிகிறது. ஒருவர் எண்ணியதை யார் சரிபார்ப்பது? நாலைந்து ஆண்டு பிசகினால்கூட எரிமலை ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம் என்று போய்விடும். பிறகு எதை வேண்டுமானாலும் எதோடும் முடிச்சுப் போடலாம்.

வளையம் எண்ணுபவர்:
ஐயா, அந்தப் பிசகு உண்மையிலேயே நடந்தது. பிடிபட்ட விதம்தான் பார்க்க வேண்டியது.

கி.பி. 536-ல் வெயில் மங்கிக் கிடந்ததாக பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு மரவளையங்களிலும் கடும் குளிர் தெரிகிறது. எரிமலைப் புகை வெயிலை மறைத்ததுதான் காரணமென்றால் ஐஸ் கோரில் அதே ஆண்டில் அதன் கந்தகத் தடமான சல்பேட் இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் சில ஆண்டுகள் முன்னால். மரக்காரர்கள் ஐஸ்காரர்களைக் குறை சொன்னார்கள், ஐஸ்காரர்கள் அசையவில்லை.

2012-ல் ஜப்பானில் ஃபூசா மியாகே குழுவினர் தேவதாரு மரவளையங்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். 774-க்கும் 775-க்கும் நடுவில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஒரேயடியாக 1.2 சதவீதம் போல எகிறியிருந்தது. சூரியனிலிருந்து வந்த துகள் புயல் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அப்படிப்பட்ட புயல் காற்றுமண்டலத்தில் பெரிலியம்-10 என்ற அணுவையும் உண்டாக்கும், அது பனியோடு இறங்கித் துருவத்தில் படியும். ஆக மரத்திலும் பனியிலும் ஒரே சம்பவத்தின் தடம். கிரீன்லாந்துப் பனியில் தேடினால் அது ஏழு ஆண்டு போல முன்னால் கிடந்தது. மரம் சரி, பனியின் எண்ணிக்கை தவறு. 2015-ல் மைக்கேல் சிகில் குழு அதை நகர்த்தியதும் 536, 540 இரண்டு குளிர்களுக்கும் நேராக எரிமலைச் சல்பேட் வந்து உட்கார்ந்துவிட்டது.  பிசகைக் காட்டிக்கொடுத்தது 774-ன் தடம்!

பார்வையாளன்:
மான், பிராட்லி, ஹியூஸ் போட்ட, ஹாக்கி மட்டை போல நுனியில் எகிறும் வெப்பக்கோட்டைப் பற்றிய சண்டையெல்லாம் 2006-லேயே முடிந்துவிட்டதே? அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் அறிக்கை கொடுத்ததே.

ஒற்றைக்கேள்வி:
அறிக்கையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கோடுகளில் கடைசி 400 ஆண்டுக்கு நல்ல நம்பிக்கை, 1600-க்கு முன் குறைவு, 900-க்கு முன் மிகக் குறைவு என்றுதான் அதில் இருக்கிறது. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

774 கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தேதி. என் கேள்வி டிகிரி.

பிழைக்கோடு:
கேள்வி சரியான இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. நான் இரண்டு கட்சியும் இல்லை, எதிர்க்கட்சிக்கு எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியில் மரம் கெட்டி. அளவில்தான் இடிக்கிறது. இளமரம் அகல வளையம் போடும், முதிர்ந்தது ஒல்லியாகப் போடும். அந்த வயதுப் போக்கைக் கணக்கில் கழிக்கும்போது, நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாக நடந்த வெப்ப மாற்றமும் சேர்ந்து கழிந்துவிடலாம். 300 ஆண்டு வாழ்ந்த மரத்தைக் கொண்டு 600 ஆண்டு அலையைப் பிடிப்பது கடினம். மரவளைய ஆய்வாளர் எட் குக் 1995-லேயே இதைச் சொல்லிவிட்டார். அப்புறம் புள்ளியியல்: இரைச்சல் மிகுந்த தரவைத் தெர்மாமீட்டரோடு பொருத்தினால் ஏற்ற இறக்கம் சுருங்கும். 2004-ல் ஃபான் ஸ்டார்ச் குழு கணினி மாதிரியில் சோதித்துக் காட்டியது அதைத்தான். ஆகவே பழைய கோடுகள் உண்மையைவிடத் தட்டையாக இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டு ஒற்றைக்கேள்வி மகிழ வேண்டாம். பழங்காலத்தில் சின்னத் தூண்டலுக்கே காலநிலை பெரிதாக ஆடியது என்றால், இப்போது நாம் போடும் கரியமில வாயுவுக்கும் பெரிதாக ஆடும்.

ஒற்றைக்கேள்வி:
கரியமில வாயு என்றதும் நினைவுக்கு வருகிறது. அண்டார்டிக் ஐஸ் கோரில் முதலில் வெப்பம் ஏறி, 800 ஆண்டு கழித்துத்தானே வாயு ஏறியது?

துருவப்பனி:
வாயு குமிழியில் இருக்கிறது, பனி விழுந்த அன்றே குமிழி மூடிக்கொள்வதில்லை. 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் பனி கட்டியாகும் வரை மேற்காற்று உள்ளே போய்வரும். அண்டார்டிகாவின் வோஸ்டாக் போல பனிப்பொழிவு குறைந்த இடத்தில் அதற்குச் சில ஆயிரம் ஆண்டு பிடிக்கும். ஆக ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, காற்றுக்கு வேறு வயது. மூடிய ஆழத்தை நைட்ரஜன் ஐசோடோப்பை வைத்துக் கணித்து 2013-ல் பரெனாங் குழு பார்த்தபோது, கடைசிப் பனியுகம் முடிந்த காலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறியிருந்தன. பின்தங்கினாலும் பிரச்சினை இல்லை. தொடங்கி வைப்பது பூமியின் சுற்றுப்பாதை, பெருக்குவது வாயு.

ஒற்றைக்கேள்வி:
சரி, கடைசி ஒன்று. கடலடிச் சேற்றில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படிகிறது, புழுக்கள் வேறு கிளறுகின்றன. 5,000 ஆண்டு முன் ஐம்பதே ஆண்டு வெப்பம் எகிறி இறங்கியிருந்தால் அதில் தெரியுமா? அந்த மழுங்கிய கோட்டின் நுனியில் தெர்மாமீட்டர் கோட்டை ஒட்டி, இப்படி ஒரு வேகம் வரலாற்றிலேயே இல்லை என்பது நியாயமா?

பிழைக்கோடு:
பத்தாயிரம் ஆண்டுப் படத்துக்கு அது நியாயமான குறை. அந்த ஒட்டுப்படம் எனக்கும் பிடிக்காது. ஆனால் கடைசி 2,000 ஆண்டுக்கு ஆண்டு வாரியான பதிவுகள் இருக்கின்றன. அவற்றை ஏழு வெவ்வேறு கணக்கு முறைகளில் பேஜஸ் 2கே என்ற பழங்காலநிலை ஆய்வாளர் கூட்டமைப்பு 2019-ல் ஓட்டிப் பார்த்தது. இருபது ஆண்டும் அதற்கு மேலும் நீடித்த வெப்ப ஏற்றங்களில் மிகப் பெரியவை 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் விழுந்தன.

வளையம் எண்ணுபவர்:
புழு இல்லாத சேறும் உண்டு. வெனிசுவேலாவை ஒட்டிய கரியாகோ படுகையின் அடியில் பிராணவாயு கிடையாது, அதனால் கிளற ஆளில்லை. ஆண்டுக்கொரு வெளிர் அடுக்கு, ஒரு கருத்த அடுக்கு, கலையாமல் கிடக்கின்றன.

ஒற்றைக்கேள்வி:
அது ஒரு மூலை. உலகச் சராசரிக்கு எத்தனை கரியாகோ வேண்டும்?

வளையம் எண்ணுபவர்:
நிறைய வேண்டும். கலிபோர்னியாவை ஒட்டிய சாண்டா பார்பரா படுகையும் அப்படித்தான், ஆனால் இத்தகைய இடங்கள் குறைவு.