40 கி.மீ. ரைடுக்கு ஐந்து மாதம் போதுமா? (அந்தியூர் குதிரை, பாலாற்று மணல்)

பள்ளிகொண்டா_பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு குதிரை வாங்கினேன். மார்வாரிக் கலப்பு, காயடித்தது, கறுப்பு, நெற்றியில் சுட்டி. பல் பார்த்தவர் 7 வயது என்றார். எங்கள் வீட்டில் இதற்கு முன் குதிரை கிடையாது. நைனா எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர், அதனால் தீனி, கால், குளம்பு எல்லாம் ஓரளவு தெரியும் என்று ஒரு தைரியம்.

பிப்ரவரியில் பெங்களூரு பக்கம் 40 கி.மீ. எண்டியூரன்ஸ் ரைடு (குதிரையை டாக்டர் சோதித்துப் பாஸ் போடும் நெடுந்தூரப் போட்டி) ஒன்று இருக்கிறது. பெயர் கொடுக்க ஆசை. இப்போது தினமும் காலையில் பாலாற்று மணலில் அரை மணி நேரம் நாலுகால் பாய்ச்சலில் விடுகிறேன். கொள்ளு மூன்று கிலோ, வேகவைத்து. குதிரை பறக்கிறது, நிறுத்தத்தான் முடியவில்லை. ஐந்து மாதத்தில் தயாராகுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

கோட்டை_அகழி எழுதியது:

1806 ஜூலை 10 அன்று சிப்பாய்க் கலகத்தை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து வேலூர்க் கோட்டைக்குக் குதிரைப்படையோடு ஓடி வந்தது சுமார் 25 கி.மீ. உங்களுக்கு 15 கூட. ஆனால் அவரை வாசலில் நிறுத்தி யாரும் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. உங்களுக்கு வைப்பார்கள்! குதிரை பராமரிப்பதே தொழிலாக இருந்த நம் சயீஸ் ஐயா வரட்டும், காத்திருங்கள்.

ஓய்வுபெற்ற_சயீஸ் எழுதியது:

தம்பி, ஐந்து மாதம் போதும். ஆனால் இப்போது செய்வதை நாளைக் காலையிலிருந்து நிறுத்தினால்தான் போதும்.

நான் ராணுவத்தில் ஆர்.வி.சி.யில் (விலங்குகளைப் பராமரிக்கும் கால்நடை மருத்துவப் பிரிவு) 17 வருடம் குதிரைகளோடு இருந்துவிட்டு வந்தவன். அத்தனை வருடம் கற்றதையும் மீறி, ஊருக்கு வந்தபின் சொந்தமாக வாங்கிய குதிரையை நானே கெடுத்தேன். செவலைப் பெட்டை. எட்டாவது வாரம், உன் குதிரை மாதிரியே பறந்தது. விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்று மணலில் ஒரு மூன்று கிலோமீட்டர் விட்டேன். இறங்கும்போது மூச்சுகூட வாங்கவில்லை. மறுநாள் காலையில் இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுகிறதே தசைநாண், நம் பக்கத்தில் நரம்பு என்பார்கள், அங்கே கைவைத்தால் அடுப்பில் இருந்து இறக்கின பாத்திரம் மாதிரி சூடு. சாயங்காலத்துக்குள் வாழைப்பூ போலப் புடைத்துக்கொண்டது. பத்து மாதம் கட்டிப் போட்டேன். அப்புறமும் 20 கி.மீ.க்கு மேல் அவளை நம்பி ஏற முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? மூச்சும் இதயமும் தசையும் இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் குளம்பும் மெதுவாகத்தான் வரும், முழுதாக இறுகச் சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே எட்டாவது வாரத்தில் குதிரை உன்னிடம் 'நான் ரெடி' என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதன் கால்கள் இன்னும் அதற்கே செய்தி அனுப்பவில்லை. காளையை வைத்து இதைக் கணக்குப் போடாதே. வாடிவாசலை விட்ட காளைக்குச் சில விநாடி வேலை. இதற்கு மூன்று நான்கு மணி நேரம்.

முதல் ஆறு வாரம் நடைதான். ஏரிக்கரை, வண்டிப் பாதை, இறுகின மண்சாலை. தார் ரோட்டில் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான ஓட்டம்) வேண்டாம், அதிர்ச்சி முழுதும் காலுக்குத்தான் போகும். ஆழமான மணலில் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் நடத்து, அது காலுக்குப் பலம். பாய்ச்சலுக்கு மட்டும் மணலைத் தொடாதே. அப்புறம் ட்ராட், மணிக்குப் பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில். ஒரு வாரம் தூரத்தைக் கூட்டினால் அந்த வாரம் வேகத்தைக் கூட்டக் கூடாது. டிசம்பர் கடைசிக்குள் 25 கி.மீ. சிரமமில்லாமல் வந்தால் போதும், வீட்டிலேயே 40 ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. தினமும் சேணம் போடும் முன் நான்கு காலையும் புறங்கையால் தடவிப் பார். உள்ளங்கைக்குத் தெரியாத சூடு புறங்கைக்குத் தெரியும்.

இனி நாடி. ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப் வாங்கு. இடது முழங்கைக்குப் பின்னால், சேணப் பட்டை ஓடுகிற இடத்தில் வை. லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு. லாயத்தில் நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை. போட்டியில் சுற்று முடிந்து உள்ளே வந்ததும் பெரும்பாலும் 64-க்குள் இறங்க வேண்டும், அதாவது 15 விநாடியில் 16. அதற்கு எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்று விதித் தாளில் பார்த்துக்கொள். இறங்காவிட்டால் முதலில் வந்தாலும் வெளியேதான். அதோடு விடமாட்டார்கள். ஈறை விரலால் அழுத்தி இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிகிறதா, வயிற்றில் இரைச்சல் கேட்கிறதா, நேராக ட்ராட் ஓடுகிறதா என்று எல்லாம் பார்ப்பார்கள். கையில் பிடித்து நேராக ஓட்டிக் காட்டுவதையும் வீட்டிலேயே பழக்கு. நல்ல குதிரை முரண்டு பண்ணி நொண்டி என்று பெயர் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தீனி. மூன்று கிலோ கொள்ளு இந்த வேலைக்கு ரொம்ப அதிகம், பாதியாக்கு. ஓய்வு நாளில் அதிலும் பாதி. முழுத் தீனி போட்டு ஒரு நாள் சும்மா கட்டிவைத்து மறுநாள் ஓட்டினால் பின்தொடை மரக்கட்டையாக இறுகி, மூத்திரம் காபித் தூள் நிறத்தில் போகும், உயிருக்கே ஆபத்து. நீண்ட தூரத்துக்கு அடுப்பெரிப்பது காய்ந்த புல்தான். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஆறேழு கிலோ. குடலில் அந்த நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வழியில் கொடுக்கும். குதிரைமசால் என்கிற பசுந்தீவனம் நல்லதுதான், அளவோடு போடு. தினமும் அதில் சுண்ணாம்புச் சத்தை வாரிக் கொடுத்தால், உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தையே விட்டுவிடும். அப்புறம் வியர்த்துக் கொட்டும் நாளில் விலாப்பக்கம் இதயத்தோடு சேர்ந்து துள்ள ஆரம்பிக்கும்.

வெயிலில் வேலை செய்யும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அதன் வியர்வையில் நம்முடையதை விட உப்பு அதிகம், தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் அதற்குத் தாகம் தெரியத் தாமதமாகும். அதனால் தினம் தீனியில் இரண்டு மேசைக்கரண்டி சாதாரண உப்பு. வழியில் அந்நிய வாளியில், அந்நியத் தண்ணீர் குடிக்கப் பழக்கு. தோல் ஷெட்டுக் கழிவு கலக்கிற பக்கம் ஆற்றுக் குட்டையில் மட்டும் வாய் வைக்க விடாதே. ஓடி வந்த சூட்டில் தண்ணீர் ஊற்றினால் வாதம் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு.

லாடம் ரைடுக்குப் பத்து நாள் முன்னால் அடித்துவிடு, முந்தின நாள் கூடாது. உங்கள் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கைகாரராக இருக்கலாம். ஆனால் மாட்டு லாடம் இரண்டு துண்டு, குதிரைக்கு ஒரே வளையம், செதுக்கும் கணக்கே வேறு. தெரிந்த ஆளைத் தேடிப் பிடி.

காட்பாடி_அக்கா எழுதியது:

ஐயா குதிரையைப் பற்றிச் சொல்லிவிட்டார். குதிரை மேல் உட்காரும் மூட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். என் முதல் 40-ல் குதிரை பாஸ், நான் பெயில். தொடை இரண்டும் உரிந்துபோய், கடைசி எட்டு கிலோமீட்டர் சேணத்தில் சரிந்தே வந்தேன். டாக்டர் குதிரையின் முதுகை அழுத்தியதும் பாவம் அது குழிந்தது. நான் உட்கார்ந்த பக்கம்தான் வலி.

ட்ராட்டில் எழுந்து உட்காரும்போது எப்போதும் குதிரையின் ஒரே முன்னங்காலோடு சேர்ந்து எழாதே தம்பி. சில நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு அடி கூடுதலாக உட்கார்ந்து மாற்று. நம் எல்லோருக்கும் பிடித்த பக்கம் ஒன்று இருக்கும், அந்தப் பக்கக் காலே எல்லாப் பாரத்தையும் வாங்கும். இறக்கத்தில் இறங்கி கூடவே ஓடு. அதற்கு நீயும் வாரம் மூன்று நாள் ஏரிக்கரையில் ஓட வேண்டும், குதிரை மட்டும் தயாரானால் பத்தாது. தையல் தொடையில் படாத கால்சட்டை, வாஸ்லின், உனக்கும் ஓ.ஆர்.எஸ். அன்றைக்கு எதையும் புதிதாகப் போடாதே, ஜட்டி உட்பட.

அப்புறம் வண்டி. குதிரையை முதல் தடவையாக லாரியில் ஏற்றுவது ரைடு நாளாக இருக்கக் கூடாது.

பள்ளிகொண்டா_பையன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

ஐயா, அக்கா, நன்றி. மணலை விட்டுவிட்டேன். முதல் ஒரு வாரம் நடத்துவதற்கே சண்டை, கடிவாளத்தை இழுத்து என் கை காய்த்துவிட்டது. இப்போது தலையைத் தொங்கப் போட்டு நடக்கிறது. நாடி காலையில் 15 விநாடிக்கு 9 அல்லது 10. கொள்ளைக் குறைத்ததில் நைனாவுக்குத்தான் கோபம். ராத்திரியில் எனக்குத் தெரியாமல் ஒரு படி போடுகிறார் என்று சந்தேகம்.

ஒன்று மட்டும் குழப்பம். வலது முன்னங்கால் இடதை விடக் கொஞ்சம் சூடாக இருக்கிற மாதிரி இரண்டு நாளாகத் தோன்றுகிறது. வீக்கம் இல்லை, நொண்டவில்லை. மனப்பிரமையா?

ஓய்வுபெற்ற_சயீஸ் எழுதியது:

காலை வெயில் எந்தப் பக்கம் படுகிறது, அதை முதலில் பார். நிழலில் நிறுத்தி, விடியும் முன் தடவு. அப்போதும் தோன்றினால் பிரமை இல்லை. அதுவரை ஏறாதே, கையில் பிடித்து மட்டும் நடத்து. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு வருகிறேன், திரும்பும்போது உங்கள் ஊர்ப் பக்கம் வந்து காலைத் தொட்டுப் பார்க்கிறேன். நைனாவையும் இருக்கச் சொல், அந்த ராத்திரிப் படியைப் பற்றிப் பேச வேண்டும்.