காசு வாங்கும் கருத்தரங்கமும் காசு கொடுத்துக் கூப்பிடும் பயிலரங்கும்: ஆய்வு மாணவர் அனுபவங்கள்

கணிதம், முனைவர் பட்ட ஆய்வு, மதுரைப் பக்கம்

பிஎச்டி சேர்ந்த புதிதில் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற ஒவ்வொரு கருத்தரங்க நோட்டீசையும் போனில் படம் எடுத்து வைப்பேன். இப்போதெல்லாம் இரண்டு விஷயம்தான் பார்க்கிறேன். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எவ்வளவு? ஆள் எடுக்க எதையாவது கேட்கிறார்களா? கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் ஃபைல், பேனா, மதியச் சாப்பாடு, சான்றிதழ் நான்கும் நிச்சயம். மற்றதற்கு உத்தரவாதம் இல்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டு, மதிப்பெண் பார்த்து, ரயில் செலவையும் நாங்களே தருகிறோம் என்பவர்கள் நம்மைச் சும்மா உட்காரவிட மாட்டார்கள்.

எனக்கு அப்படி அமைந்தது தேசியக் கணித மையத்தின் ஆண்டு அடித்தளப் பள்ளி, எல்லாரும் ஏஎஃப்எஸ் என்பார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஐஐடி பம்பாயும் சேர்ந்து நடத்தும் மையம் அது. பள்ளிகள் நாட்டின் பல ஊர்களில் வெவ்வேறு கல்வி நிறுவனங்களில் நடக்கும். தங்க இடம், சாப்பாடு, ஏசி மூன்றடுக்கு ரயில் கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

காலையில் வகுப்பு, மதியம் டுடோரியல். விஷயமே டுடோரியலில்தான். தாளில் இருக்கும் கணக்கை நாம் பலகையில் போட வேண்டும். ஒரு பகா எண்ணின் வர்க்கம் அளவுக்கு உறுப்புகள் கொண்ட குலம் (குரூப்) பரிமாற்றுக் குலமாகத்தான் இருக்கும், அதாவது எந்த இரண்டு உறுப்பையும் எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒரே விடைதான் என்று நிறுவச் சொன்னார்கள். எம்எஸ்சியில் மனப்பாடம் செய்து எழுதியதுதானே என்று எழுந்து போனேன். இரண்டாவது வரியிலேயே, "குலத்தின் மையத்தில், எல்லா உறுப்போடும் இடம் மாற்றிப் பெருக்கக்கூடியவற்றில், சமனி உறுப்பைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது என்று எங்கே காட்டினாய்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். ஆசிரியர் இல்லை, என்னைப் போலவே வந்திருந்த அஸ்ஸாம் பையன். அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. எங்கள் துறையில் யாரும் என்னை இப்படி நிறுத்திக் கேட்டதில்லை.

சாப்பாட்டில் காரம் இருக்காது. ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போங்கள்.

தமிழ் இலக்கியம், தஞ்சாவூர்

அண்ணன் சொல்வது பாதி சரி. எங்கள் பக்கத்துக் கருத்தரங்கத்தைப் பார்த்தால் இன்னும் நொந்துபோவார். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒரு பேராசிரியர் ஜூமில் வந்து வாழ்த்துரை சொல்லிவிட்டால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். குத்துவிளக்கேற்றி, பொன்னாடை எல்லாம் போர்த்தி முடிக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். பிறகு நாலைந்து அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வு, ஆளுக்கு ஐந்து நிமிடம். "சுருக்கமாக முடியுங்கள் அம்மா" என்று அமர்வுத் தலைவர் மணியைத் தட்டுவார். கட்டுரைத் தொகுப்பு காலையிலேயே ஐஎஸ்பிஎன் எண்ணோடு பைக்குள் வந்துவிடும். அதை யாராவது திருத்திப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் மைக் முன்னால் எனக்குக் கை நடுங்காமல் போனது அந்த ஐந்து நிமிடங்களால்தான். கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுவும் தேவை. அதற்காக வருடம் முழுக்க அதையே செய்துகொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எனக்கு உருப்படியாகக் கிடைத்தது சுவடிப் பயிலரங்கு. ஓலையில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கொம்பு, பகரம், கால், னகரம் என்று வரிசையாக வந்தால் பொன் என்றும் படிக்கலாம், போன என்றும் படிக்கலாம், பேரன் என்றும் படிக்கலாம். எது சரி என்று யாப்பும் இடமும்தான் சொல்லும். அச்சு நூலில் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொல்) என்று அடிக்குறிப்பில் பார்த்துத் தாண்டிப்போனதெல்லாம் எப்படி உண்டாகிறது என்பது ஓலையைக் கையில் பிடித்தபோதுதான் புரிந்தது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலே அதிலிருந்து வந்தது. இங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே துறை இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்களே போவதில்லை.

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை: தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நடக்கும் சொற்பொழிவுகளை விடாதீர்கள்.

வேதியியல், திருச்சி

காசு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், கண்டிஞ்சன்சி எனும் ஆய்வுச் சில்லறைச் செலவுப் பணம் தனி. ஃபெல்லோஷிப் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் டியூஷன் எடுத்துக்கொண்டு ஆய்வு செய்பவர்கள் எங்கள் லேபிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "அடுத்த மாதக் கருத்தரங்கத்துக்கு எல்லாரும் பணம் கட்டிவிடுங்கள்" என்று வாட்ஸப்பில் செய்தி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

போஸ்டர் போடுபவர்களுக்கு என் அனுபவம். ஏ0 அளவு என்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர். நோட்டீசில் நீளவாக்கா அகலவாக்கா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அகலவாக்கில் அடித்துக்கொண்டு வந்த ஒருவர் போஸ்டர் என் பலகையின் மேல் கால்வாசியை மறைத்துக்கொண்டு நின்றது. ஃப்ளெக்ஸ் கனம், சுருட்டினால் மடிப்பு விழும். துணியில் அச்சடித்தால் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். குண்டூசி தருவோம் என்பார்கள், நம்பாதீர்கள்.

நின்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தைப் படிக்கவில்லை. ஒரு வரைபடத்தைக் காட்டி "இந்த இடத்தில் ஏன் இறங்குகிறது?" என்றுதான் கேட்டார்கள். வினையூக்கி நான்காவது சுற்றுக்குப் பிறகு செயலிழப்பதுதான் காரணம். அதை மறைக்காமல் சொன்னேன். கேட்டவர் உடனே தன் லேபில் பொருளின் மேற்பரப்பில் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்பிஎஸ் கருவி இருக்கிறது, மாதிரி அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. அன்று வாங்கிய சிறந்த போஸ்டர் சான்றிதழ் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

கட்டடப் பொறியியல், சென்னை

மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஆரம்பித்தது. அங்கே வறட்சி இருந்த காலம். குளியலை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லி வீடுகளில் மணல் கடிகாரம் வைத்திருந்தார்களாம். அதிலிருந்துதான் யோசனை வந்தது என்கிறார்கள். அசையாத ஒரே ஸ்லைடை வைத்து மொத்த ஆய்வையும் சொல்ல வேண்டும். அனிமேஷன், வீடியோ, கையில் பொருள் எதுவும் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வெளியே.

என் ஆய்வு கடலோரக் கான்கிரீட்டில் குளோரைடு இறங்குவது பற்றி. ஹாஸ்டல் அறையில் வரலாற்றுத் துறை நண்பனிடம் சொல்லிப் பார்த்தேன். பரவல் குணகம் என்று ஆரம்பித்தவுடன் போனை எடுத்துவிட்டான். கடைசியில், "கம்பி துருப்பிடித்தால் கம்பிதானே கெடும், சிமெண்ட் ஏன் உடையுது?" என்றான். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும், உள்ளிருந்து நெட்டித் தள்ளும் என்றேன். "இதை முதலில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றான். ஸ்லைடில் இருந்த சமன்பாட்டை எடுத்துவிட்டு, வெடித்துக் கம்பி தெரியும் ஒரு தூணின் படத்தைப் போட்டேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கமான சினாப்சிஸின் முன்னுரையை அந்த மூன்று நிமிடப் பேச்சிலிருந்துதான் எழுதினேன், கைடு ஒரு வரியைக்கூட அடித்துத் திருத்தவில்லை.

விலங்கியல், கோவை

ஒரு எச்சரிக்கை மட்டும். "மதிப்புக்குரிய விஞ்ஞானி" என்று மின்னஞ்சல் வந்தால், அதே கருத்தரங்கில் நர்சிங், நானோ, மேலாண்மை, மண்ணியல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள். "இளம் விஞ்ஞானி விருது" தருகிறோம், விருதுக் கட்டணம் தனி என்பதும் அதே ரகம். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை என்று இரண்டு கிரெடிட் பாடத்தை 2019இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டாயமாக்கியது. அதில் போலி இதழ்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பலர் அதைத் தூங்கிக் கழிக்கிறார்கள். 2022 விதிகளில் ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும் யுஜிசி எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் இன்னும் கேட்கின்றன. உங்கள் பல்கலையின் விதியைப் பார்த்துவிட்டு அவசரப்படுங்கள்.

இயற்பியல், முதலாண்டு, நெல்லை

எல்லாரும் சொல்வதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. நானும் ஒரு நாலு வாரப் பயிலரங்குக்குப் போகலாம் என்றால் கைடு விடவே மாட்டேன் என்கிறார். நாலு வாரம் லேபை விட்டுப் போனால் வேலை யார் பார்ப்பது என்று கேட்கிறார். பரிந்துரைக் கடிதமும் அவரிடம்தான் வாங்க வேண்டும். என்ன செய்வது?

கணிதம், மதுரைப் பக்கம்

தம்பி, "போகட்டுமா சார்" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். பாடத்திட்டத்தை அச்சடித்து எடுத்துப் போ. அதில் உன் ஆய்வுக்கு நேராக வரும் இரண்டு தலைப்பைக் கோடிட்டுக் காட்டு. நீ இல்லாத நாளில் எந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்வார் என்று சக மாணவரிடம் பேசி முடித்துவிட்டு, அதையும் எழுதிக்கொடு. நாலு வாரம் ரொம்ப அதிகம் என்றால் ஒரு வாரப் பயிலரங்கில் ஆரம்பி. கடிதத்தை எம்எஸ்சி ஆசிரியரிடம் வாங்கலாமா என்று விண்ணப்பத்திலேயே பார், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். உன் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியின் (டிசி) மீட்டிங் எப்போது? கமிட்டியில் வெளியிலிருந்து வரும் பேராசிரியர் "இந்தப் பையன் இதைப் படித்தால் நல்லது" என்று ஒரு வார்த்தை சொன்னால் கைடும் தலையாட்டுவார். எங்கள் துறையில் அப்படித்தான் நடந்தது.